நடுமேசையில் விழுந்த பகுதி

“நீ பாத்தியா?” என்று சலவைக்கூடத்து அலுவலக அறையில் வைத்து அவளைக் கேட்டார்கள். கேட்டவர் மேலிடத்திலிருந்து வந்த விசாரணை அதிகாரி. அவருக்குப் பக்கத்தில், நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் போட்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். கேள்வி அவ்வளவுதான். “நான் மடிச்சிட்டிருந்தேன் சார். கவனிக்கல” என்றாள். பொய் இத்தனை சுலபமாக வாயிலிருந்து வழுக்கி விழும் என்று அவளுக்கே அதுவரை தெரியாது. அதிகாரி எழுதிக்கொண்டார். அவள் எழுந்தபோது சூப்பர்வைசர் தானே எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார். பதினோரு வருஷ வேலையில் அவர் அவளுக்குக் கதவு திறந்தது அதுதான் முதல் தடவை. கேள்வியைக்கூட அவள் மறந்திருப்பாள். அந்தக் கதவு மரியாதைதான் மூன்று மாதமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிகளின் படுக்கைவிரிப்புகளை வெளுக்கிற கூடம் அது. ஈரத்துணியைச் சூடான ரோலருக்குள் கொடுக்க இந்தப் பக்கம் இரண்டு பேர், காய்ந்து வெளியே வருவதை வாங்கி மடிக்க அந்தப் பக்கம் இரண்டு பேர். கொடுக்கிற பக்கத்தில் அவளுடைய நாத்தனார், வாங்குகிற பக்கத்தில் அவள். அவளுக்குக் கூடத்தில் ‘மடிப்பு’ என்றே பெயர். அவள் மடித்து அடுக்கிய விரிப்புகள் கத்தியால் அறுத்த மாதிரி ஓரம் பிசகாமல் நிற்கும். அதில் அவளுக்கு வெளியில் சொல்லாத பெருமை உண்டு. ரோலரின் வாயில் குறுக்காக ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. விரல் பட்டால் போதும், ரோலர் நின்றுவிடும். துணியின் முனை பட்டாலும் நின்றுவிடும், அதுதான் தொல்லை. ஒரு நாளைக்கு நாற்பது தடவை நின்றால் லாரி எப்படி நேரத்துக்குக் கிளம்பும்? ஒரு வியாழக்கிழமை காலையில் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு மேலே நிற்க, ஃபிட்டர் தரையில் மல்லாந்து படுத்து அந்தக் கம்பியைக் கழற்றினார். சனிக்கிழமை நாத்தனாரின் வலது கையை ரோலர் உள்ளே இழுத்தது. மூன்று விரல்கள் போய்விட்டன. திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனபோது கம்பி ஒன்றும் நடக்காததுபோல் பழைய இடத்தில் இருந்தது. கம்பி இருந்தது, தொழிலாளியின் கவனக்குறைவு என்று விசாரணை முடிந்தது. நாத்தனார் சொன்னதற்குச் சாட்சி இல்லை. கூட நின்ற மற்ற இரண்டு பெண்களும் அந்த வெள்ளிக்கிழமைதான் வேலைக்குச் சேர்ந்தவர்கள், கம்பி என்று ஒன்று இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

நாத்தனார் அந்த வீட்டிலேயே இருந்தாள். அவளுடைய அண்ணன், அதாவது மடிப்பின் கணவன், தூரத்தில் கட்டட வேலைக்குப் போய் வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவன். இரண்டு பெண்களும்தான் வீடு. கட்டுப் போட்ட கையை நாத்தனார் ஒரு நாளும் சேலைக்குள் மறைத்ததில்லை. கடைக்குப் போனால் அந்தக் கையைத்தான் முதலில் நீட்டுவாள். கேலியும் குறையவில்லை. “ஏழு வரைக்கும் பிரச்சினை இல்ல, அண்ணி. எட்டு எண்ணணும்னா உங்க விரலத்தான் இரவல் வாங்கணும்” என்பாள். அண்ணிக்குச் சிரிப்பு வரும், சிரித்த மறு நிமிஷம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஏன் சொல்லவில்லை என்று நாத்தனார் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் அழுது தீர்த்திருப்பாள். நாத்தனார் கேட்கவில்லை.

அவர்கள் போகிற ஜெபக்கூடம் சின்னது, தகரக் கூரை போட்டது. ஆனால் அங்கே இரண்டு வழக்கங்கள் இருந்தன, இரண்டிலும் அந்த ஜனங்களுக்குக் கர்வம். கடவுள் தன் ஜனத்தின் நடுவில் இருக்கிறார் என்றுதானே தீர்க்கதரிசிகள் தொண்டை கிழியக் கத்தினார்கள், அப்புறம் எதற்கு அவர் வார்த்தையை மேடையில் தூக்கி வைப்பது என்று கூடத்தை ஆரம்பித்தவர்கள் கேட்டார்களாம். அதனால் வேதம் பெஞ்சுகளுக்கு நட்டநடுவில் ஒரு மேசையில் இருக்கும். வாசிக்கிறவர் அங்கேதான் நிற்க வேண்டும். முன்வரிசைக்காரர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்க முடியாது, எழுந்து திரும்பி உட்கார வேண்டும். இரண்டாவது, எதையும் தாண்டக் கூடாது. போன வாரம் நின்ற இடத்தில் ரிப்பன் கிடக்கும், அங்கிருந்துதான் இந்த வாரம். வாசிக்கிற முறை பெஞ்சு வரிசைப்படி வரும். கல்யாணம் முடிந்து வந்தவனுக்கு நகரம் எரிகிற பகுதி விழுந்திருக்கிறது. சாப்பாட்டுப் பிரியரான தையல்காரருக்கு உபவாசத்தைப் பற்றிய பகுதி விழுந்து, அவர் வியர்த்து வழிந்து வாசித்ததை இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். ‘விழுந்ததைப் படி’ என்பது அங்கே சட்டம். அந்தக் கூடத்தின் செயலாளர், சலவைக்கூடத்துச் சூப்பர்வைசரேதான். ரிப்பன் அவர் பொறுப்பில் இருந்தது.

அடுத்த மாதம் முறை நாத்தனாருக்கு வர இருந்தது. “என்னால பக்கம் புரட்ட முடியாது. என் முறைய அண்ணி படிப்பாங்க” என்று அவள் செயலாளரிடம் சொன்னாள்.

“அவங்களுக்குப் படிக்க வருமா?” என்று அவர் கனிவாகக் கேட்டார்.

“எழுத்துக்கூட்டி வரும்.”

அது உண்மை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். அதற்குப் பிறகு அவள் படித்ததெல்லாம் விரிப்புகளின் மூலையில் தைத்திருக்கும் ஆஸ்பத்திரிப் பெயர்கள். அதனால் நாத்தனார், இன்னும் நாலு வாரத்தில் எந்தப் பகுதி விழும் என்று பக்கங்களை எண்ணிக் கண்டுபிடித்து, விடியற்காலையில் வேலைக்குப் போகுமுன் சமையலறைத் தரையில் அவளை உட்கார வைத்தாள். முதல் நாள் நாலு வரி. மறுநாள் அதே நாலு வரி. மூன்றாம் நாள்தான் எழுத்துகள் சேர்ந்து அவளுக்குப் பொருள் பிடிபட்டது. ஒரு நகரம், சொன்னதைக் கேட்காத நகரம். அதன் பெரிய மனிதர்கள் உறுமுகிறார்கள். அதன் நியாயாதிபதிகள் ஓநாய்கள்போல், கிடைத்ததை விடிவதற்குள் எலும்புகூட மிஞ்சாமல் தின்றுவிடுகிறார்கள். ஆனால் அதே நகரத்தின் நடுவில் ஒருவர் இருக்கிறார், அவர் அநியாயம் செய்வதில்லை, ஒவ்வொரு விடியலிலும் நியாயத்தை எடுத்து எல்லோரும் பார்க்க வெளியே வைக்கிறார். வெளுத்த துணியை வண்டியில் ஏற்றிக் காலையில் வாசலுக்குத் தள்ளுவதுபோல என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் விரல் வரியிலேயே நின்றுவிட்டது.

“இத நீ வேணும்னே எனக்குக் குடுத்தியாடி?”

“விழுந்தததானே அண்ணி படிக்கணும். நானா புடிச்சுத் தள்ளிவிட்டேன்?”

அவள் விரலை வரியிலிருந்து எடுத்தாள். “நடுவுல இருக்காரு, நடுவுல இருக்காருங்கறாங்களே. அந்தச் சனிக்கிழமை அவரு எங்க போனாரு?”

“எங்கயும் போயிருக்கமாட்டாரு. ரோலர் பக்கத்துலதான் நின்னிருப்பாரு. அவர யாரும் விசாரணைக்குக் கூப்பிடல, அவ்வளவுதான்.”

“கூப்பிட்டிருந்தா?”

“கவனிக்கலன்னு சொல்லியிருக்கமாட்டாரு.”

மூன்று மாதத்தில் நாத்தனார் வைத்த குத்து அது ஒன்றுதான். வைத்த கையோடு எழுந்து, இடது கையால் தண்ணீர் மொண்டு அவளிடம் நீட்டினாள். “உங்ககிட்ட நான் எதுவும் கேக்கல, அண்ணி. கேட்டு வாங்கற சாட்சி எனக்கு வேணாம். அடுத்த வரியப் படிங்க.” தலை நிமிர்ந்துதான் சொன்னாள். வேலை போனவள் அவள், ஆனால் அந்தச் சமையலறையில் வேலையில் இருக்கிறவள்தான் கூனிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பியிருந்தது. பாட்டு முடிந்து, முன்வரிசை எழுந்து திரும்பி உட்கார்ந்தது. முன்வரிசையில் செயலாளர், மூன்றாம் வரிசையில் ஃபிட்டர், பக்கவாட்டுப் பெஞ்சில் ஓரமாக நாத்தனார். நாத்தனார் கட்டுப் போட்ட கையை முன்பெஞ்சின் சாய்மானத்தின் மேல் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்தாள். மடிப்பு நடுமேசைக்குப் போய் ரிப்பன் கிடந்த இடத்தில் புத்தகத்தைத் திறந்தாள். முதல் வார்த்தையில் கண்ணை வைத்தாள், அது அவள் முதல் வார்த்தை இல்லை. பாடச் சொல்கிற பகுதி அது, கடவுள் நடுவில் இருக்கிறார், இனிப் பயமில்லை, தள்ளப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்வார் என்று இனிப்பாகப் போகிற பகுதி. அந்தத் தாளின் முனையைத் தூக்கி முந்தின பக்கத்தைப் பார்த்தாள். முந்தின வாரம் நின்ற இடத்தில், ரிப்பன் கிடந்து அழுந்திய தடம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ரிப்பன் நகர்ந்திருக்கிறது. தானாக நகர அதற்குக் கால் கிடையாது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். செயலாளர் அன்று கதவைத் திறந்துவிட்ட அதே முகத்தோடு அவளைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு ஒரு விஷயம் தெரியவில்லை. நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள் ரிப்பன் காட்டிய இடத்தில் படித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளுக்கு அப்படி முடியாது. நாலு வாரம் விடியற்காலையில் ஒவ்வொரு எழுத்தாகக் கட்டி இழுத்து வந்த பகுதி ஒன்றுதான் அவளிடம் இருந்தது. அதைத் தவிர வேறு எதையும் அவளால் அங்கே நின்று படிக்கவே முடியாது.

அவள் ஈரவிரிப்பைப் புரட்டுகிற கவனத்தோடு பக்கத்தைப் பின்னால் புரட்டினாள்.

“ரிப்பன் இருக்கற இடத்துலயே படிங்கம்மா” என்றார் செயலாளர்.

“போன வாரம் இங்கதான் நின்னுச்சு, சார். தாண்டக் கூடாதே.”

“நேரம் ஆவுது. நல்ல பகுதிதானே வந்திருக்கு.”

“விழுந்தத படிக்கட்டும்” என்று பின்னாலிருந்து தையல்காரர் சொன்னார். “எனக்கு மட்டும் அன்னிக்கு யாரு விட்டுக் குடுத்தீங்க?” இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் படிக்க ஆரம்பித்தாள்.

மெதுவாகப் படித்தாள். வேகமாகப் படிக்கத் தெரியாது. அந்த நிதானமே ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியாக மேசை மேல் எடுத்து வைத்தது. உறுமுகிறவர்கள் என்று வந்தபோது முன்வரிசை அவளைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது, வழக்கம் அப்படி. ஓநாய்கள் வந்தன. எலும்புகூட மிஞ்சாத விடியல் வந்தது. நடுவில் இருக்கிறவர் வந்ததும் அவள் குரல் தடுமாறவில்லை, அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தன் குரலை இத்தனை பேர் நடுவில் அவள் கேட்டதே இல்லை. அது அவள் நினைத்ததைவிட நல்ல குரலாக இருந்தது. கடைசி வரி முடிந்தது. அவள் புத்தகத்தை மூடவில்லை.

“ரோலர்ல இருந்த தடுப்புக் கம்பிய வியாழக்கிழம காலையில கழட்டுனாங்க” என்றாள். “சூப்பர்வைசர் சார் நின்னு கழட்டச் சொன்னாரு. நான் துணி மடிச்சிட்டு நின்னேன். என் கண்ணால பாத்தேன். கேட்டப்ப பாக்கலன்னு சொன்னேன், அது பொய். நாளைக்கு மேலிடத்துலயும் போய் இதையே சொல்வேன்.”

செயலாளர் எழுந்தார். “இது ஜெபம் பண்ற இடம். கம்பெனி விஷயத்தக் கம்பெனியில பேசுங்க.”

“அங்க பேசினா நீங்க பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்துக்கறீங்களே, சார்” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். நாளை முதல் அந்த வேலை இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும், மடித்து அடுக்கிய கட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போது வருகிற நிமிர்வு முதுகில் தானாக வந்திருந்தது. நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் அவளைப் பார்க்கவில்லை. நேராக எதிரே, வாயை இறுக்கி, கண்ணீரைத் துடைக்காமல், மகுடம் வைத்தவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

“கழட்டுனது யாருன்னு சொல்லலையே” என்று செயலாளர் எல்லோரையும் பார்த்துச் சொன்னார். “கம்பி தானா கழண்டுச்சா? கழட்டுனவன் இருந்தா எழுந்து சொல்லட்டும்.”

மூன்றாம் வரிசையில் ஃபிட்டர் எழுந்தார். கூடம் முழுவதும் அவர் பக்கம் திரும்பியது. செயலாளர் அவரைப் பார்த்த பார்வையில் கட்டளையும் கெஞ்சலும் சேர்ந்தே இருந்தன. ஃபிட்டர் பெஞ்சை விட்டு வெளியே வந்து நடுமேசைக்கு எதிரே ஒரு நிமிஷம் நின்று, திறந்திருந்த பக்கத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு வாசலுக்கு நடந்தார். அவள் நின்ற இடத்திலிருந்து தெரு மூலைவரை நேராகத் தெரிந்தது. இடது பக்கம் திரும்பினால் அவர் வீடு, வலது பக்கம் சலவைக்கூடம். எந்த வேலையை யார் சொல்லிச் செய்தார் என்று அவர் தேதி போட்டு எழுதிவைக்கும் புத்தகம் அங்கே அவருடைய பெட்டிக்குள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வெயிலில் ஆளில்லாத தெருவில் அவர் மூலைக்குப் போய்ச் சேர்ந்தார், சட்டைப்பையில் பெட்டிச் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார், வலது பக்கம் திரும்பி மறைந்தார்.