ஓரத்து நாற்காலி

"மதினி, அண்ணனப் போயி ஓரத்துலயா ஒக்கார வைக்கிறீங்க?" என்று நல்லுசாமி கேட்டபோது, விசாலாட்சி கணவரின் நாற்காலியை ஜன்னல் பக்கம் இன்னும் ஒரு சாண் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

சேனாதிபதி வெள்ளனே இறந்துபோயிருந்தார். குளிப்பாட்டி, தாடையைத் துணியால் கட்டி, அவருடைய ஸ்டுடியோவிலேயே நாற்காலியில் உட்கார்த்தியிருந்தார்கள். உடலை எடுப்பதற்கு முன் குடும்பத்தோடு ஒரு படம் எடுப்பது வழக்கம். முப்பது வருஷமாகக் கொடைக்கானலையே படம் பிடித்த அந்த மனுஷன் மட்டும் எந்தப் படத்திலும் இல்லை. கல்யாணத்தன்றுகூட, "ஒரு நிமிஷம் இரு" என்று கேமராவின் கறுப்புத் துணிக்குள் புகுந்துகொண்டார். கல்யாணப் படத்தில் விசாலாட்சி தன்னந்தனியாக மாலையோடு நிற்கிறாள். அவருக்குப் பக்கத்தில் உட்கார அவளுக்கு இன்று ஒரு நாள்தான் இருந்தது.

வத்தலக்குண்டிலிருந்து வந்திருந்த கொழுந்தன் நல்லுசாமி, ஃபிளாஷ் வைத்திருக்கும் இன்னொரு போட்டோகிராபரைக் கூட்டிவரக் கிளம்பினான். அவள் விடவில்லை. இத்தனை வருஷம் இருட்டறையில் படக் கண்ணாடி பிளேட்டுகளைக் கழுவியது யார் என்று நினைத்தான்?

"நீங்க படம் எடுத்தா அண்ணன் பக்கத்துல யாரு ஒக்காருறது?"

"நாந்தான்."

துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. விசாலாட்சி அதைச் சட்டை செய்யவில்லை. சுவரில் தொங்கிய பழைய மெட்ராஸ் தெருப் படத்தை அவள் ஆயிரம் தடவை பார்த்தவள். எண்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு வெள்ளைக்காரன் மாடியிலிருந்து எடுத்தது. பட்டப்பகலில் கடைத்தெரு காலியாகக் கிடக்கும். அந்தக் காலத்துப் பிளேட் மெதுவானது, படம் விழ ரொம்ப நேரம் வெளிச்சம் பட வேண்டும். நடந்தவன், வண்டியோட்டியவன் எவனும் அதில் பதியவில்லை. ஓரமாகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஒரே ஒரு ஆள் மட்டும் அச்சாக விழுந்திருந்தான். அவனை நடுவில் வைத்திருந்தால் அவன் மட்டும்தான் தெரிவான், ஓரத்தில் வைத்ததால் தெரு முழுக்க அவனிடம் வருகிறது என்று சேனாதிபதி சொல்லிச் சொல்லி மாய்வார்.

சொந்தக்காரர்களை ஒரு சாய்வான வரிசையில் நிறுத்தினாள். வரிசை அவரிடம் போய் முடிந்தது. அவருக்குப் பக்கத்தில் ஒரு பிரம்பு நாற்காலியைக் காலியாகப் போட்டாள். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக விழட்டும் என்று லென்ஸின் துளையை ஆனமட்டும் சின்னதாக்கினாள். வெளியே மூட்டம், நூறு எண்ண வேண்டும். அதுவரை யாரும் அசையக் கூடாது, அழவும் கூடாது என்று சொல்லிவிட்டு மூடியைக் கழற்றினாள். விறுவிறுவென்று நடந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆறு முருகா, ஏழு முருகா..." சேனாதிபதி எண்ணுகிற மாதிரியே எண்ணினாள். தலையில் பூ இருந்தது, நெற்றியில் பொட்டு இருந்தது. அவர் தோள் அவள் தோளில் இடித்தது. குப்பம்மாள் சித்தி நாற்பதிலேயே விம்ம ஆரம்பித்துவிட்டாள். தொண்ணூறு வந்தபோது விசாலாட்சிக்கு எழுந்திருக்க மனசே வரவில்லை. எழுந்தால் அவரைத் தூக்கிவிடுவார்கள். தொண்ணூற்று மூன்று முருகாவில் எழுந்தாள், போய் மூடினாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த நல்லுசாமியிடம் படத்தைக் கொடுத்தாள். சித்தியின் முகம் வெறும் புகையாக இருந்தது. நல்லுசாமிக்கு இரண்டு மூக்கு. சேனாதிபதி மட்டும் மீசை முடி எண்ணுகிற அளவுக்குத் தெளிவாக இருந்தார். அவர் பக்கத்தில் விசாலாட்சி உட்கார்ந்திருந்தாள். அவள் சேலை வழியாகப் பிரம்புப் பின்னல் லேசாகத் தெரிந்தது.

நல்லுசாமி படத்தை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணனை விட்டு எந்திரிச்சுப் போனீங்களே மதினி. அது எங்க?"

"அது விழாது தம்பி. ஒக்காந்திருந்ததுதான் விழும்."

படத்தில் அந்த நாற்காலிக்கு முன்னால், அவள் எழுந்து நடந்த இடத்தில், வெறும் தரை கிடந்தது.