இரண்டு பேருக்குச் சோறு

ஒப்துலியாவும் கசில்தாவும் இருபது வருடத்துக்கும் மேலாக, மே மாதம் வந்தால் ஒரு வாரம் கடையைச் சாத்திவிட்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்கள். சமோராவில் ஒப்துலியாவுக்குச் சாவி வெட்டும் கடை. அடுத்த கதவு கசில்தாவின் அழகு நிலையம். செவில், கிரனாடா, சலமான்கா, கோர்தொபா என்று பேர்பெற்ற நகரம் எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. இனி ஆகாது என்று முடிவுகட்டி, அதைச் சொல்லிச் சிரித்து, சிரித்தும் அலுத்துவிட்டது. அப்படியிருக்கையில் போன பிப்ரவரியில், அறுபத்தோரு வயதில், கசில்தா திடுதிப்பென்று லெயாந்த்ரோ என்கிற ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியரைக் கட்டிக்கொண்டாள். சாட்சிக் கையெழுத்துப் போட்டது ஒப்துலியாதான்.

"மே மாசம் நாங்க காதிஸ் போறோம். நீயும் வாயேன்டி" என்றாள் கசில்தா.

அந்த 'வாயேன்' கொஞ்சம் தாமதித்து வந்ததை ஒப்துலியா கவனித்தாள்.

"புதுப் பொண்ணு மாப்பிள்ளைக்கு நடுவுல நான் எதுக்குடி? நான் வலென்சியா போறேன். புழுக்கம், புழுக்கம்னு நீ ஒதுக்கியே வெச்சிருந்தியே, அந்த ஊருக்கு."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். வலென்சியாவில் ரயிலை விட்டு இறங்கியபோது அந்த வீறாப்பில் பாதி, வழியிலேயே கரைந்திருந்தது. விடுதி அறையில் பழக்கத்தில் ஜன்னலோரக் கட்டிலைக் கசில்தாவுக்கென்று விட்டுவிட்டுச் சுவரோரக் கட்டிலில் பெட்டியை வைத்தாள். பிறகு தன்னையே திட்டிக்கொண்டு பெட்டியை ஜன்னல் பக்கம் மாற்றினாள். ராத்திரி தெருவிளக்கு கண்ணில் அடித்தது. இத்தனை வருடமும் கசில்தா இதைச் சொல்லாமல் தூங்கியிருக்கிறாள்.

முதல் இரண்டு நாளும் பட்டுச் சந்தை மண்டபத்தின் முறுக்குத் தூண்களைப் பார்த்தாள், பெரிய மாதா கோயிலின் கோபுரம் ஏறினாள், ஆறு ஓடிய பள்ளத்தில் இப்போது இருக்கிற பூங்காவில் நடந்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் ஆளில்லை. காபி கேட்பதற்கும் நன்றி சொல்வதற்கும் தவிர வாய் திறக்கவில்லை. சாயங்காலம் தொண்டையைக் கனைத்தபோது தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. ஊரெங்கும் மதியத்துக்குப் பயேயா ஆக்குகிற நாள். வலென்சியா வந்துவிட்டு அந்தச் சோற்றைத் தின்னாமல் போனால் சமோராவில் தலைகாட்ட முடியாது. ஆனால் முதல் கடையில் கையை விரித்தார்கள்.

"ரெண்டு பேருக்குக் குறைஞ்சு வைக்கறதில்லீங்க. வேற ஏதாவது தரட்டுமா, மீன் வறுவல்?"

இரண்டாவது கடையிலும் அதே பதில். "கூட யாரும் வரலையா?" என்று அந்தப் பெண் கனிவாகத்தான் கேட்டாள். கனிவாகக் கேட்டதுதான் சுருக்கென்றது. ஒப்துலியா வேகமாக வெளியே வந்து, வெயிலில் கடற்பக்கமாக நடந்தாள். மீனவர் குடியிருப்பில், பச்சை ஓடு பதித்த வீடுகளுக்கு நடுவே ஒரு சின்னக் கடை இருந்தது. அங்கே எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

"ஒரு ஆளுக்குச் சோறு கிடைக்காதுதானே?"

பரிமாறுகிறவர் அமாதேவு, பெருத்த ஆள், இடுப்பில் துண்டு. அவளை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். "கிடைக்காது மகாராணி. ஆனா ரெண்டுல மீதி ஆளு ஒண்ணு என்கிட்ட இருக்கு." உள்பக்கம் திரும்பிக் கத்தினார். "பெர்னாத்து! வாய்யா, உனக்கு யோகம்!"

மதுக்கூடப் பலகையோரம் நின்றிருந்த மனிதர் கையில் கோப்பையோடு வந்தார். எழுபதை நெருங்குகிறவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. "உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா, நான் எதிர்ல உக்காரறேன். முயல், கோழி, பீன்ஸ் எல்லாம் உண்டு. நத்தை பிடிக்குமா?"

"பிடிக்கும்."

"எந்த ஊரு?"

"சமோரா."

"அப்ப பயேயாவுல வெங்காயம் போடற ஜாதி. இங்க அது மகாபாவம்."

"போட்டா என்னங்க? செத்தா போயிடுவாங்க?"

"அமாதேவு, இந்தம்மாவை வாசல்லயே நிறுத்தியிருக்கணும்யா!" என்றார் பெர்னாத். ஒப்துலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துத்தான் எத்தனை நாளாயிற்று.

தட்டைச் சட்டி மேசைக்கு நடுவே வந்தது. தட்டு கிடையாது, மரக்கரண்டியால் அவரவர் பக்கத்திலிருந்து நடுவை நோக்கித் தின்ன வேண்டும். "எல்லை தாண்டினா சண்டைதான்" என்றார் அவர். குங்குமப்பூ நிறத்தில் சோறு உதிரி உதிரியாக இருந்தது. அடிக்காந்தலைச் சுரண்டி, நல்ல பக்கத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டார். அவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். மனைவி மகனோடு அர்ஜென்டினா போய் அங்கேயே தங்கிவிட்டாள். "கோவமெல்லாம் இல்லை. அவளுக்கு அந்த ஊரு பிடிச்சுப்போச்சு." ஒப்துலியா தன் கடையைப் பற்றிச் சொன்னாள். பூட்டிய வீட்டுக்கு வெளியே நிற்பவர்கள் என்னென்ன பொய் சொல்வார்கள் என்று சொன்னாள். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கசில்தாவைப் பற்றி மட்டும் அவள் சொல்லவில்லை.

காபி வந்தபோது அவளுக்குத் துணிச்சல் வந்திருந்தது.

"நான் இப்ப ஓவியக்கூடம் போறேன். வர்றீங்களா?"

பெர்னாத் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஒவ்வொரு வியாழனும் தனியா வர்ற யாரோ ஒருத்தரோட நான் இப்படித்தான் சாப்பிடறேன். போன வாரம் ஒரு நார்வேக்காரன். ஒரு வார்த்தை பேசலை, ஆனா நல்லா தின்னான். சோத்துக்கு மட்டும் துணைன்னு வெச்சிருக்கேன். அதுக்கு மேல ஆசைப்பட்டா வெள்ளிக்கிழமை கஷ்டமாயிடும்."

"புரியுதுங்க" என்றாள். காது மடல் சுட்டது. அவர் எழுந்து கையைக் குலுக்கி, "இவ்வளவு சிரிச்ச வியாழக்கிழமை இந்த வருஷம் வரலை" என்று சொல்லிவிட்டு மதியத் தூக்கத்துக்கு வீட்டுக்குப் போனார். அது உபசாரமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தெரிந்தும் ஆறவில்லை.

ஓவியக்கூடத்தில் கூட்டமில்லை. படத்துக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதைச் சத்தமாகப் படிப்பது கசில்தாவின் வேலை. மூலையில் எங்கேயாவது நாய் இருக்கிறதா என்று தேடுவது ஒப்துலியாவின் வேலை. பழைய புனிதர் படம் ஒன்றில், ராஜாவின் கால் சந்தில், சொறிந்துகொண்டிருக்கும் ஒரு வெள்ளை நாயைக் கண்டாள்.

"கசில்தா, இங்க பாருடி!"

குரல் கூடம் முழுக்க எதிரொலித்தது. காவலர் எட்டிப் பார்த்தார். ஒப்துலியா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அழக்கூடாது என்றுதான் நினைத்தாள். கைக்குட்டையும் விடுதியிலேயே இருந்தது.

வெளியே வந்த சற்று நேரத்தில் கசில்தாவே போனில் கூப்பிட்டாள்.

"என்னடி, ஊரு எப்படி? சாப்பிட்டியா?"

"பயேயா சாப்பிட்டேன்."

"யாரோட? ஒரு ஆளுக்கு வைக்கமாட்டாங்களே."

நல்லதாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வேறு வந்தது. "உன்மேல கோவமா இருக்கேன்டி."

"தெரியும்" என்றாள் கசில்தா. "கையெழுத்துப் போட்டப்பவே தெரியும். பேனாவை அப்படி அழுத்தின."

"நீ செஞ்சதுல தப்பில்லை. அதனால கோவத்தை எங்க கொண்டுபோய் வைக்கறதுன்னு தெரியலை."

"என்மேலயே வை. வேற யார்மேல வைப்ப?" "அவர் நல்லவர்டி. ஆனா படம் பார்க்க உள்ள வரமாட்டார். வாசல்ல உக்காந்து பேப்பர் படிக்கறார். செப்டம்பர்ல புர்கோஸ் போவோமா? நாம ரெண்டு பேர் மட்டும்?"

"பார்க்கலாம்" என்றாள் ஒப்துலியா. போகலாம் என்றுதான் இருந்தது. ஆனால் செப்டம்பரில் லெயாந்த்ரோவுக்குச் சளி பிடிக்கலாம், அவர் பேத்திக்குப் பிறந்தநாள் வரலாம். இனிமேல் எல்லாமே 'பார்க்கலாம்'தான். இருந்தாலும் சொன்னதில் நெஞ்சின் பாரம் ஒரு பிடி குறைந்திருந்தது.

வெயில் தாழ்ந்ததும் சதுக்கத்தில் ஊரே நடக்க வந்தது. தள்ளுவண்டிக் குழந்தைகளும், தோளில் கைபோட்ட கிழவர்களும், கத்திப் பேசும் பெண்களுமாக ஒரே இரைச்சல். ஒப்துலியா ஒரு மேசையில் உட்கார்ந்து, கோரைக்கிழங்குப் பாலில் செய்த குளிர்பானம் வாங்கிக்கொண்டாள். பக்கத்து மேசையில் ஒரு பெரிய குடும்பம், ஆளுக்கு இருக்கை போதாமல் அல்லாடியது. அதிலிருந்த பெண்ணொருத்தி எதிர் நாற்காலியின் முதுகைத் தொட்டுக்கொண்டு கேட்டாள்.

"இதுக்கு யாராவது வர்றாங்களாக்கா?"

"யாரும் வரலைம்மா. எடுத்துக்கோங்க."

நாற்காலி தரையில் உரசிக்கொண்டு போனது. எதிரே வெற்றிடம். அதன் வழியாகச் சதுக்கம் முழுவதும் மறைப்பில்லாமல் தெரிந்தது. விளக்குகள் எரியத் தொடங்கும்வரை ஒப்துலியா அங்கேயே உட்கார்ந்து, போகிற வருகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.