ஏழாவது பங்குக்காரர்

குர்பானிப் பெருநாள் காலையில் துருக்கியில் இரண்டு வகை ஆண்கள்தான் உண்டு. மாடு அறுக்கத் தெரிந்தவர்கள் ஒரு வகை, ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இன்னொரு வகை. யோஸ்காட் பக்கத்துச் சிறுநகரத்தில் மணி ஒன்பதுகூட ஆகவில்லை, அதற்குள் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பதினெட்டுப் பேர் விரலை அறுத்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருவர் வங்கி மேலாளர். இன்னொருவர் முடிவெட்டுகிறவர். கத்தியோடே பிழைக்கிற மனிதர், அவருக்கே கட்டைவிரல் கிழிந்திருந்தது என்றால் மற்றவர்களைச் சொல்ல வேண்டுமா.

நர்ஸ் மெலிகேவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆறு மாதப் பயிற்சியின் கடைசி நாள். முதல் தடவையாக அவளை வாசல் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வருகிறவரைப் பார்த்து மணிக்கட்டில் பட்டை கட்ட வேண்டும்: உடனே உள்ளே போக வேண்டியவருக்குச் சிவப்பு, கொஞ்சம் பொறுக்கலாம் என்றால் மஞ்சள், கத்துகிற தெம்பு இருந்தால் பெரும்பாலும் பச்சை. மாலையில் பிரிவுப் பொறுப்பாளரான சார்ஜ் நர்ஸ் குல்தானே படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அவசரப் பிரிவு அவளுக்கு நிரந்தரம். போடாவிட்டால் கண் பிரிவில் சொட்டு மருந்து விட வேண்டியதுதான். அதை நினைத்தாலே மெலிகேவுக்குக் கொட்டாவி வந்தது.

"நாற்காலிய விட்டு எழுந்திரிச்சே, கையெழுத்து கிடையாது," என்று குல்தானே காலையிலேயே சொல்லிவிட்டாள். "நீ எழுந்தா அடுத்து வர்றவன யாரு பாக்கிறது?"

"பாத்ரூம் வந்தாக்கா?"

"பெருநாளும் அதுவுமா உனக்கு அதெல்லாம் வராது."

ஒன்பதரைக்கு ஒரு சின்ன லாரி வந்து நின்றது. ஆறு ஆண்கள் கல்யாண ஊர்வலம் மாதிரி கூச்சல் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். ஒருவருக்கு மூக்கில் ரத்தம், ஒருவருக்கு மணிக்கட்டு வீக்கம், ஒருவருக்குக் கால்சட்டையின் பின்பக்கத்தையே காணவில்லை.

"ஆறு பேருக்கும் ஒரே மாடா?" என்றாள் மெலிகே.

"ஒரே மாடுதான் நர்ஸம்மா," என்றார் மூக்கில் ரத்தம் வடிந்த இத்ரிஸ். "என் மச்சினன் கயித்த விட்டுட்டான்."

"நான் எங்க விட்டேன்? மாடுதான் என்னை விட்டுட்டுப் போச்சு."

"மாடு எங்க இப்போ?"

"கடைசியா பெட்ரோல் பங்க் பக்கம் பாத்தோம். அது நல்லாத்தான் இருக்கு."

மெலிகே சிரிப்பை அடக்கிக்கொண்டு மணிக்கட்டு வீக்கத்துக்கு மஞ்சளும் மற்றவர்களுக்குப் பச்சையும் கட்டினாள். ஆறாவது பட்டையைக் கட்டும்போது அவள் கை நின்றது. அவள் வீட்டிலும் வருஷா வருஷம் ஒரு மாட்டை ஏழு பேர் பங்கு போட்டுக்கொள்கிற கூட்டுக் குர்பானிதான்.

"உங்க மாட்டுல எத்தன பங்கு?"

"ஏழு."

"நீங்க ஆறு பேருதானே இருக்கீங்க?"

"ஓ, வெய்செலா? அவனுக்கு ஒண்ணுமில்ல. மாடு விலாவுல ஒரு உதை விட்டுச்சு, ஒரு பொட்டு ரத்தமில்ல. லாரியில படுத்திருக்கான். விடிஞ்சதுலேர்ந்து தொணதொணன்னு பேசிட்டிருந்தவன், இப்பதான் வாய மூடிருக்கான். எங்களுக்கும் நிம்மதி."

கத்துகிறவருக்குப் பச்சை, வாயை மூடினவருக்கு? மெலிகே "குல்தானே அக்கா" என்று கத்தினாள். தையல் அறையில் அந்த வங்கி மேலாளர் போட்ட ஓலத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கையெழுத்து கண்முன்னே வந்து நின்றது. போய்த் தொலையட்டும். எழுந்து இத்ரிஸைத் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினாள்.

"இங்கயே உக்காருங்க. யாருக்காவது மூச்சு வாங்கினா ஊரே கேக்கிற மாதிரி கத்துங்க."

லாரியில் வைக்கோல்மேல் ஒரு பெரிய மனிதர் சாம்பல் நிறத்தில் கிடந்தார். இடது விலாவுக்குக் கீழே கையை வைத்திருந்தார்.

"எனக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி. கொஞ்சம் குளிருது, அவ்வளவுதான்."

சுள்ளென்று ஜூன் மாத வெயில். நாடி எண்ண முடியாத வேகத்தில் ஓடியது. மெலிகே சிவப்புப் பட்டையைக் கட்டி, இத்ரிஸின் மச்சினனையும் மற்றவர்களையும் விரட்டித் தூக்கச் செய்து, தள்ளுவண்டியை ஓட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். டாக்டர் வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்ததும், "மண்ணீரல் கிழிஞ்சிருக்கு, வயிறு முழுக்க ரத்தம்," என்றார். பத்து நிமிஷத்தில் வெய்செல் அறுவை அரங்குக்குள் இருந்தார்.

அவள் திரும்பி வந்தபோது குல்தானே இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். இத்ரிஸ் உற்சாகத்தில் கண்ணில் பட்ட எல்லோருக்கும் சிவப்புப் பட்டை கட்டியிருந்தார், கூட்டிப் பெருக்குகிற அம்மா உட்பட. குல்தானேயின் கையிலும் ஒன்று இருந்தது. அதைப் பிய்த்து மெலிகேவின் கையில் திணித்தாள்.

நாலு மணிக்கு மேல்மாடி வார்டிலிருந்து போன் வந்தது. வெய்செல் கண் விழித்துவிட்டார், முதல் கேள்வியாக மாடு கிடைத்ததா என்று கேட்டார்.

குல்தானே போனை வைத்துவிட்டுப் படிவத்தை நீட்டினாள். வரிசையாக டிக். "இடத்தை விட்டு நகரமாட்டார்" என்ற கட்டத்தில் மட்டும் பெரிய பெருக்கல் குறி.

"நான் பொய் எழுத மாட்டேன்," என்றாள்.

கண் சொட்டு மருந்து, என்று நினைத்தாள் மெலிகே. அப்புறம்தான் பெருக்கலுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் பார்த்தாள்: "நகர்ந்தார். ஒரு உயிர் மிச்சம்." அதற்குக் கீழே குல்தானேயின் கோணல் கையெழுத்து.

மெலிகே சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. பட்டைப் பெட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"கொஞ்சினது போதும், அதுல சிவப்ப எண்ணி நிரப்பு," என்றாள் குல்தானே. "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கே வந்துரு. அந்த மாடு இன்னும் புடிபடல."