நாய்க்குத் தனி விலை

முப்பது வயது தாண்டிய பிறகும் அண்ணன் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். பல் செட் செய்யும் பட்டறையில் அவளுக்குக் கீழே இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். பிளாஸ்டர் அச்சில் மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் சிரிப்பைச் செய்து அனுப்புகிறவள். அண்ணன் எதிரே வந்து நின்றால் மட்டும் பாப்பாவாகிவிடுவாள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

வேலை விட்டு வந்தால் கேம்தான். கல்யாணப் பேச்சை எடுக்கிறவர்களிடம், சாயங்காலம் தனக்கு நேரமில்லை என்று சொல்லிச் சிரிப்பாள். வெள்ளத்தில் மூழ்கிய ஊர்களின் வழியே படகில் போகிற கேம் அது. துப்பாக்கி, கத்தி எதுவும் கிடையாது. கூரைமேல் மாட்டிக்கொண்டவர்களைத் தேடிக் கரை சேர்க்க வேண்டும். அவர்களை மோப்பம் பிடித்துக் காட்டுவது படகோட்டியின் நாய். அதற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

பெயர் வைத்தது அப்பா. பக்கவாதம் வந்து பேச்சு பாதி போய், வலது கை மடியில் கிடக்க, அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாய் முதன்முதலாக வாலை ஆட்டியதும், வாயைக் கோணி, பெரும்பாடு பட்டு, "வாலு" என்றார். அன்றிலிருந்து அதுவே பெயர். தினமும் அவள் கன்ட்ரோலரைக் கையில் எடுத்ததும், "வாலு எங்க? சாப்டுச்சா?" என்று கேட்பார். சாப்பிட்டுவிட்டது என்று அவள் சொன்ன பிறகுதான் படகு கிளம்பும். அப்பா போன பிறகும் அந்தப் பதிலை வெறும் நாற்காலியிடம் சொல்லிவிட்டுத்தான் கயிற்றை அவிழ்த்தாள்.

அடுத்த வருஷம் அண்ணனுக்கு அந்த கேமைச் செய்த கம்பெனியிலேயே வேலை கிடைத்தது. விற்பனைப் பிரிவு. கன்ட்ரோலரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாதவன். ஆனாலும் பாப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கூட விளையாடுகிற ஆந்தையிடம் அன்றைக்கே பீற்றிக்கொண்டாள். ஆந்தை என்பது பட்டப்பெயர். முகம் பார்த்ததில்லை, காதில் மாட்டிய ஹெட்செட் வழியாக வரும் குரலோடுதான் நான்கைந்து வருஷச் சிநேகம்.

அதற்குப் பிறகு அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினான். அப்பா படுத்திருந்த காலத்தில் தலையைக் காட்டிவிட்டுப் போனவன், இப்போது சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் உட்கார்ந்திருந்தான். எந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்துவாள், எங்கே அழுகை வந்தது, எது இல்லாவிட்டால் விளையாடவே மாட்டாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். இந்தப் பைத்தியத்தை உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் வராதா என்று ஏங்கியவள் அவள். கொட்டித் தீர்த்துவிட்டாள். வாலு இல்லாமல் படகை எடுக்க மாட்டேன் என்றாள். அப்பாவின் கேள்வியைச் சொன்னாள். அவர் வாய் கோணிய விதத்தைச் செய்தும் காட்டினாள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.

இரண்டாம் பாகம் வரப்போகிறது என்ற அறிவிப்பு வந்ததும், இருப்பதிலேயே விலை கூடியதை முன்பதிவு செய்தாள். 'முழுப் பதிப்பு' என்று அதற்குப் பெயர். ஆந்தை அலுத்துக்கொண்டான். "முழுசுன்னு எழுதியிருக்கான்னா, எதையோ உருவி வெளிய வச்சிருக்கான்னு அர்த்தம்." இவன் சந்தேகப் பிராணி, பால் வெள்ளை என்றால்கூடக் கிட்டே போய்ப் பார்ப்பான் என்று அவள் கேலி செய்தாள். அந்தக் கம்பெனியில் தன் அண்ணன் இருக்கும்போது அப்படியெல்லாம் நடக்காது என்றும் சொன்னாள்.

கேம் வந்த நாள் பட்டறைக்கு லீவு போட்டாள். முதல் பாகத்தில் வைத்த பெயரோடேயே வாலுவும் படகில் இருந்தது. முதல் ஊர் தாண்டி, இரண்டாவது ஊரின் படகுத்துறையில் ஒரு கிழவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. படகு நெருங்கியதும் வாயைக் கோணி மெதுவாகக் கேட்டார். "வாலு எங்க? சாப்டுச்சா?"

கன்ட்ரோலர் கையிலிருந்து நழுவியது. எவ்வளவு நேரம் அழுதாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, அப்பாவ வச்சிருக்கியே."

"புடிச்சிருக்கா?" என்று கேட்டான். எந்த ஊரில் இருக்கிறாள் என்றும் கேட்டான். இரண்டாவது என்றதும், மெதுவாக ஆடச் சொல்லிவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டான். பாசத்தை வெளியே காட்டத் தெரியாத அண்ணன் என்று அதற்கும் அவளே காரணம் கற்பித்துக்கொண்டாள்.

மூன்றாவது ஊரில் வாலு சுருண்டு விழுந்தது. மூச்சு இழுத்தது, மோப்பம் பிடிக்கவில்லை. மருந்து தேடி ஊரெல்லாம் படகை ஓட்டினாள். எங்கும் இல்லை. கடைசியில் திரையின் நடுவில் ஒரு பெட்டி விரிந்தது. நாயைப் பிழைக்கவைக்கும் 'துணைவன் தொகுப்பு' தனியாக விற்பனைக்கு இருக்கிறது. விருப்பம் இல்லாவிட்டால் நாயைத் துறையில் விட்டுவிட்டுப் பயணத்தைத் தொடரலாம். விலை, முதல் பாகத்துக்கே அவள் கொடுத்ததில் பாதி.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டாம் என்று அழுத்தினாள். முழுப் பதிப்பு வாங்கியவளிடமே மறுபடியும் கை நீட்டினால் கோபம் வராதா? வாலுவை மூன்றாவது ஊர்த் துறையில் இறக்கினாள். படகு நகர்ந்ததும் ஆறு அவளை இரண்டாவது ஊர்த் துறைக்கே கொண்டுவந்தது, கிழவர் தலையைத் தூக்கினார். "வாலு எங்க?"

எந்தப் பக்கம் போனாலும் ஆறு சுற்றிக்கொண்டு அந்தத் துறைக்கே வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் கேட்டார். நான்காம் தடவையோ ஐந்தாம் தடவையோ, அவளால் முடியவில்லை. வாங்கிவிட்டாள். இறக்கிவிட்ட இடத்தில் வாலு எழுந்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு படகில் தாவியது. அப்பாவிடம் காட்ட வேண்டும் என்ற சந்தோஷத்தில் கிழவரின் துறைப் பக்கம் படகைத் திருப்பினாள்.

நாற்காலி காலியாக இருந்தது.

எங்காவது எழுந்து போயிருப்பார் என்று அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் எல்லாம் தேடினாள். எங்கும் அவர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி கதவைத் திறந்து வாய் நிறையச் சிரித்தாள். கம்பெனியில் அண்ணனைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்களாம், நாய் யோசனை முழுக்க அவனுடையதாம். பாப்பா நேராக உள்ளே போனாள். அண்ணன் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"அப்பா எங்கண்ணா?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், காலை மடக்கி நேராக உட்கார்ந்தான். "அந்தக் கிழவரக் கேக்குறியா? வாங்கினவங்களுக்கு அவரு தேவையில்ல பாப்பா. அவரு வேலை அதோட முடிஞ்சுது."

வேலை செய்யும் இடத்தில் பேசுகிற பேச்சு அது, பழக்கத்தில் வந்துவிட்டது. வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து அவன் முகம் மாறியது. பிறகு என்னென்னவோ சொன்னான். அவளை மட்டும் கேட்கவில்லை, நூற்றுக்கணக்கான பேரிடம் கேட்டார்கள். விருப்பம் இல்லாதவர்கள் வாங்க வேண்டாமே, யார் கழுத்தில் கத்தி வைத்தது? அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இலவசமாகவே கிடைக்க ஒரு கூப்பன் கோடு வாங்கித் தந்திருப்பான்.

"காசுக்காகவா வந்தேன்?" என்றாள் பாப்பா. "நீ அன்னிக்கு அழுதியே. அது நெஜமா?"

"நெஜம்தான்," என்றான் அண்ணன். "அதனாலதான் அது வேலை செய்யும்னு தெரிஞ்சுது."

அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பாப்பா அதை எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி, பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

அந்த வாரம் விளையாடுகிறவர்கள் எல்லோரும் கொதித்துப்போனார்கள். முழு விலை வாங்கிக்கொண்டு நாயைப் பிணையாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கம்பெனியைக் கிழி கிழி என்று கிழித்தார்கள். இந்த யோசனை யாருடைய மூளையில் உதித்தது என்று தேடத் தொடங்கினார்கள். கிடைத்தால் அவன் வீட்டு விலாசத்தை இணையத்தில் போடாமல் விட மாட்டார்கள். ஆந்தை அவளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"உங்க அண்ணன் அந்தப் பிரிவுலதான இருக்காரு? அவருக்குத் தெரிஞ்சிருக்குமே."

ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவள், அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது, அவன் வேறு வேலை பார்க்கிறான் என்றாள். ஆந்தை அதை நம்பினானோ இல்லையோ, மேற்கொண்டு கேட்கவில்லை.

கம்பெனி மன்னிப்புக் கேட்டது. நாய் எல்லோருக்கும் இலவசம் என்றது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அந்தப் பணம் திரும்பியது, அந்த கேமின் கடையில் மட்டுமே செல்லுகிற காசுகளாக. அவள் அதைத் தொடவில்லை. பழைய முதல் பாகத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். படகு வந்தது, வாலு வந்தது. சாப்பிட்டுவிட்டது என்று சொல்ல வாயெடுத்தாள். அப்பாவின் குரலுக்குப் பதில் துறையில் இருந்த கிழவரின் குரல்தான் காதில் கேட்டது. அணைத்துவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். அவள் கதவைத் திறந்தாள், சாப்பாடு போட்டாள். மழையைப் பற்றிப் பேசினார்கள். பட்டறையில் புதிதாக வந்திருக்கும் பாலிஷ் மெஷினைப் பற்றிப் பேசினார்கள். அண்ணியின் முழங்கால் வலியையும் விடவில்லை. பேச்சு தீர்ந்துபோனதும் அண்ணன் தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"இப்ப என்ன கேம் ஆடுற பாப்பா?"

மலையேறுகிற கேம் ஒன்றை அவள் ஒரு வாரமாக ஆடிக்கொண்டிருந்தாள். அதில் தனியாக விளக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஒரு கிழவி வருவாள். அவளை விட்டுவிட்டு மேலே ஏறப் பாப்பாவுக்கு மனசே வரவில்லை. முந்தைய நாள்கூட அவளுக்காக இறங்கி வந்திருந்தாள்.

"ஒண்ணும் ஆடல," என்றாள். "அதெல்லாம் விட்டுட்டேன்."

அண்ணன் தலையாட்டினான். அவள் அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு பரிமாறினாள்.