கால் சுற்று

வாடகைக்கு எடுத்த கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வாரிக் வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போய்க்கொண்டிருந்தார். மேலே தரைப்பலகை, கீழே மண், நடுவே அறுபத்து நாலு வயது உடம்பு. மனைவி நோலாவை அடக்கம் செய்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை.

"அப்பா, அந்தக் கோட்டை நாளைக்குத் திருப்பிக் கொடுக்கணும்," என்றாள் வெளியே நின்ற மகள் ரோஸ்லின்.

"கொடுப்போம். நீ டார்ச்சை இந்தப் பக்கம் காட்டு."

எல்லாம் பெவ் கேட்ட ஒரு கேள்வியால் வந்தது. பெவ் இந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. செவ்வாய்க்கிழமை காலை பின்படிக்கட்டில் சாய்ந்து கிடந்த நோலாவை முதலில் பார்த்தவள் அவள்தான். இன்று அடக்கம் முடிந்து எல்லோரும் ஊர்க்காரர்கள் கூடிப் பந்து உருட்டி விளையாடும் பௌல்ஸ் கிளப்பில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது வாரிக்கின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்ப்பா வாரிக், இன்னைக்கு யாரு போய்த் திருகப் போறது?"

"எதை?"

"அஞ்சாவது வரிசையை. வெள்ளிக்கிழமைன்னா அஞ்சாவது வரிசைதானே. அதோட முடியுதுன்னு சொன்னாளே."

"என்ன வரிசை?"

பெவ் கையிலிருந்த சாண்ட்விச்சைத் தட்டில் வைத்தாள். "உனக்கு ஒண்ணுமே தெரியாதா? நல்லா இருக்கு போ. போய் வீட்டுக்கு அடியில பாரு," என்றாள்.

நோலா முப்பது வருஷம் பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற மறுமாதமே, பழைய வீடு ஒன்றை வாங்கிச் சரிபண்ணி விற்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். டிவியில் அரைமணி நேரத்தில் முடித்துவிடுகிறார்களே, பின்னே என்ன! தெருவோரம் நடந்த ஏலத்தில் ஆளோடு ஆளாக நின்று, சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஜக்கரண்டா பூத்திருந்த அழகில் மயங்கிக் கையைத் தூக்கினாள். இப்ஸ்விச்சில் பழைய மரவீடெல்லாம் கால்மேல் நிற்பவை. வாங்க வருகிறவன் முதலில் முட்டி போட்டுக் கால்களைத்தான் பார்ப்பான். அவளுக்குக் குனியத் தோன்றவில்லை. நாற்பத்திரண்டு மரக்கால்களில் பாதிக்கு மேல் கறையான் தின்று தீர்த்திருந்தது.

அது தெரிவதற்குள் சுவருக்கெல்லாம் பெயிண்ட் அடித்து முடித்திருந்தாள். கம்பளத்தை உரித்த அன்று சமையலறையில் கை தவறி விழுந்த ஆரஞ்சு ஒன்று, கூடத்தைத் தாண்டி வாசல்வரை உருண்டு போனது. வாரிக் விழுந்து விழுந்து சிரித்தார். நொண்டி வீடு என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

அந்த வீட்டுக்கு அவர் செய்த ஒரே உபகாரம் கதவு. கோணல் தரையில் ஒன்பது கதவும் இடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றாகக் கழற்றி, தரையின் சரிவுக்குத் தக்கபடி அடிப்பக்கத்தை ரம்பத்தால் சாய்வாக அறுத்து மாட்டிக் கொடுத்தார். நோலா பக்கத்தில் நின்று பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. கீழே விழுந்த ஆப்புத் துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டாள்.

"என்னத்துக்கு, அடுப்பெரிக்கவா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும்."

அப்புறம் மரக்கால்களை எடுத்துவிட்டு இரும்புக்கால் போட ஆட்கள் வந்தார்கள். இதுக்கு மேலேயும் இந்த நொண்டிக்குக் கொட்டி அழப்போறியா என்று வாரிக் கத்தினார். அதோடு அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். ஏழு மாதம். அவள் மட்டும் தினமும் காலை ஆறரைக்குக் கிளம்பிப் போய் எட்டுக்குத் திரும்பி வருவாள். அங்கே உட்கார்ந்து ஜக்கரண்டாவைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். கேட்கவும் இல்லை. ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்தபோது நகக்கண்ணெல்லாம் கறுப்புக் கிரீஸ். நர்ஸ் தேய்த்துப் பார்த்தும் போகவில்லையாம்.

இன்று நாலு மணிக்கு வீட்டுத் தரகன் டார்சி காகிதத்தோடு வருவான். வாங்குகிற ஆளுக்கு நிலம்தான் வேண்டும். வீட்டை இடித்துவிட்டு அங்கே இரண்டு வீடு கட்டுவான். புதன்கிழமையே வாரிக் சரி என்று சொல்லிவிட்டார். தொல்லை விட்டது என்றுதான் இருந்தது அவருக்கு.

டார்ச் வெளிச்சம் முதல் இரும்புக்காலில் விழுந்தது. தலையில், திருகினால் காலை உயர்த்துகிற கையகல மறை, அதைச் சுற்றிக் கிரீஸ். உடம்பில் வெள்ளை எழுத்து. கேன்டீன் பலகையில் சாப்பாட்டு விவரம் எழுதுகிற அதே உருண்டைக் கையெழுத்து.

'தினம் ஒரு வரிசை. ஒரு காலுக்குக் கால் சுற்று. ஒரே நாளில் தூக்கினால் வீடு பிளந்துவிடும். அவசரப்படாதே நோலா.'

அதன் கீழே சின்னச் சின்னக் கோடுகள். அடுத்த காலிலும் கோடுகள். அதற்கடுத்ததிலும். ஏழு வரிசை, வரிசைக்கு ஆறு கால். நடுநடுவே எழுத்து.

'கூடம் முனகுது. பயமா இருக்கு.'

'குளியலறைப் பெயிண்ட் விரிசல் விட்டுடுச்சு. முதல்ல பெயிண்ட் அடிச்சது என் முட்டாள்தனம்.'

'இன்னைக்கு நாலு கால்தான். மூச்சு வாங்குது.'

வாரிக் அந்த வரியை இரண்டு தரம் படித்தார். மூச்சு வாங்கியதை அவரிடம் சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியும்.

நாற்பது வருஷம் நிலக்கரி ரயில் ஓட்டியவர் அவர். கனம் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தலைக்கு மேலே ஒரு முழு வீடு, கூரையோடும் சுவரோடும் நாலு அறையோடும் நின்றுகொண்டிருந்தது. அதைக் கேன்டீன்காரி ஒருத்தி, டீ குடிக்கிற நேரத்தில், ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு தூக்கியிருக்கிறாள். மண்ணில் அப்படியே மல்லாந்து படுத்துக் கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா? என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. உங்கம்மா..." என்று ஆரம்பித்தவர் புரண்டு அடுத்த வரிசைக்குத் தவழ்ந்தார்.

மற்ற வரிசைகளில் எல்லாம் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் வட்டம் போட்டு 'சமம்' என்று எழுதியிருந்தாள். ஐந்தாவது வரிசையில் மட்டும் வட்டம் இல்லை. 'வெள்ளிக்கிழமை கடைசி. முடிஞ்சதும் வாரிக்கைக் கூட்டிட்டு வரணும். ஆரஞ்சு வாங்கணும்.'

ஸ்பேனர் பக்கத்திலேயே ஆணியில் தொங்கியது. கால் சுற்று. அடுத்த கால். கால் சுற்று. நாலாவதில் அவருக்கே மூச்சு வாங்கியது. ஆறாவதைத் திருகி முடித்தபோது மேலே எங்கேயோ 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கூடத்திலிருந்து சமையலறைவரை அந்தச் சத்தம் மெல்ல ஓடி அடங்கியது.

"அப்பா, வீடு என்னமோ சொல்லுது," என்றாள் ரோஸ்லின். அவள் குரலும் இறங்கியிருந்தது.

திரும்பித் தவழும்போது உத்தரத்தில் தொங்கிய மூட்டை அவர் தலையில் இடித்தது. கேன்டீன் ஏப்ரன். அவிழ்த்தார். ஒன்பது ஆப்புத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் பென்சிலில் எந்த அறைக் கதவு என்று எழுதி, அதற்குக் கீழே 'திரும்ப வேணும்' என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் போட்டிருந்த தேதி, அவர் அறுத்துத் தள்ளிய நாள். அப்போது ஒரு கால்கூடத் திருகியிருக்கவில்லை.

ஏப்ரனை மார்போடு அணைத்துக்கொண்டு மேலே ஏறினார், பின்னாலேயே ரோஸ்லின். வாசலில் டார்சி நின்றுகொண்டிருந்தான்.

"ரொம்ப வருத்தம் வாரிக். இந்த நேரத்துல தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான் பார்த்தேன். ஒரே ஒரு கையெழுத்து, நான் போயிடுறேன்."

வாரிக் அவனைத் தாண்டிப் படுக்கையறைக் கதவுக்கு முன்னால் முட்டி போட்டார். நேராகிவிட்ட தரைக்கு மேலே அவர் அறுத்த கதவு கோணலாக நின்றது. ஒரு மூலையில் ஒட்டியும் மறு மூலையில் நாலு விரல் போகிற அளவு தூக்கியும். ஒன்பது கதவும் அப்படித்தான். வீட்டில் இப்போது கோணலாக இருந்தது அவர் செய்த வேலை மட்டும்தான்.

"இடிக்கப் போற வீட்டுல கதவை என்ன பார்க்கிறீங்க?" என்றான் டார்சி.

"இடிக்கலை."

"புதன்கிழமை சரின்னீங்களே."

"புதன்கிழமை எனக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

வாரிக் கதவுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார். "விக்கத்தான் போறோம் டார்சி. குடியிருக்க வர்றவங்களாப் பார்த்துக் கூட்டிட்டு வா. கதவு வேலை கொஞ்சம் பாக்கி இருக்கு, முடிச்சுட்டுச் சொல்றேன்," என்றார்.

டார்சி ரோஸ்லினைப் பார்த்தான். கோட்டெல்லாம் மண்ணாக முட்டி போட்டிருந்த அப்பாவை அவள் பார்த்தாள். "அப்பா சொன்னது சொன்னதுதான்," என்றாள்.

"ரோஸ்லின், நீ உள்ளே போய்க் கதவைச் சாத்து. ஜன்னல் திரையையும் இழுத்து விட்டுட்டு, டார்ச்சைக் கீழே பிடி."

ரோஸ்லின் கதவைச் சாத்தினாள். அடியிலிருந்த கோணல் சந்து வழியாக வெளிச்சம் விசிறி மாதிரி கூடத்துத் தரையில் விழுந்து டார்சியின் ஷூவரை வந்தது. வாரிக் மூட்டையில் தேடிப் 'படுக்கையறை' என்று எழுதிய துண்டை எடுத்து, அகலமான பக்கத்தைப் பார்த்துப் பிடித்து, மெல்ல உள்ளே தள்ளினார். வெளிச்சம் சுருங்கிக்கொண்டே வந்தது.

கடைசியில் துண்டுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு கோடு மட்டும் மிஞ்சியது. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே அகலம், அன்று அவர் ரம்பம் தூளாக்கித் தின்ற அளவு.