ஞானஸ்நானத்துக்கு நாள் கேட்ட பையன்

இப்போதெல்லாம் யாருக்கும் "முடியாது" என்று சொல்லத் தெரியவில்லை. எதைக் கேட்டாலும் "கண்டிப்பா", "அதுக்கென்ன", "பார்த்துக்கலாம்". எங்கள் பிரோவோ ஊரில் இந்த வியாதி முற்றிப்போய்விட்டது. பல் வைத்தியர் சிரிக்கிறார். வங்கிக்காரி சிரிக்கிறாள். என் கார் இனி ஓடாது என்று சொல்ல வேண்டிய மெக்கானிக்கும் சிரித்துக்கொண்டே, "ஜெபம் பண்ணிப் பார்க்கலாம்" என்கிறான். நான் இத்தாலியில் மலைப்பக்கம் பிறந்தவன். நாலாம் வகுப்போடு சரி. இங்கே வந்து ஏரிக்கரை இரும்பாலையில் உலைக்கு முன்னால் நின்றே கிழவனானவன். நான் இல்லை என்றால் இல்லைதான்.

இது என் மனைவி வெர்லாவுக்கு நன்றாகத் தெரியும். அவள் மார்மன் என்கிற கிறிஸ்தவச் சபைக்காரி, இந்த ஊரே பெரும்பாலும் அந்தச் சபைதான். அவளுடைய கொள்ளுத்தாத்தா இந்த ஊருக்கு நடந்தே வந்தவராம், கைவண்டியை இழுத்துக்கொண்டு. நான் எந்தச் சபையிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சபையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்பாள்: "ஒரெஸ்தே, ஞானஸ்நானம் வாங்கிக்கிறியா?" இல்லை என்பேன். சரி என்று உருளைக்கிழங்கை அடுப்பில் வைப்பாள். நான் முழுகினால்தான் கோவிலில் எங்கள் இருவரையும் முத்திரை போட்டுச் சேர்ப்பார்கள், அப்போதுதான் மேலே போயும் புருஷன் பெண்டாட்டி என்பது அவர்கள் கணக்கு. அங்கே யார் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்? போன குளிர்காலத்தில் அவள் போனாள். அதுவரைக்கும் கேட்டாள். அதுவரைக்கும் நானும் இல்லை என்றுதான் சொன்னேன்.

பனி உருகின பிறகு ஸ்டக்கி வந்தான். வெர்லாவின் தங்கை மகன். இத்தாலியில் இரண்டு வருஷம் மிஷனரியாக அலைந்துவிட்டு வந்து, இப்போது மிஷனரிப் பயிற்சி நிலையத்தில் அடுத்த கூட்டத்துக்கு இத்தாலியன் சொல்லிக்கொடுக்கிறான்.

"பெரியப்பா, வியாழக்கிழமை மட்டும் கொஞ்ச நேரம் வந்து உக்காந்தா போதும். பசங்க கதவைத் தட்டுவாங்க. அவங்களை நீங்க உள்ள கூப்பிடணும். இத்தாலியன்ல பாடம் சொல்லிப் பழகுவாங்க."

"என் வீட்டுக்கா வருவானுங்க?"

"இல்ல, அங்கேயே ஒரு ரூம் இருக்கு. சோபா, விளக்கு எல்லாம் போட்டு வீடு மாதிரி."

"வீடு மாதிரி ஒரு ரூம்ல ஆளு மாதிரி நான் உக்காரணும்."

"அதேதான்!"

"சாப்பாடு?"

"மத்தியானம் கேண்டீன்ல."

போனேன். வீட்டில் சமைக்க ஆளில்லை.

வாசலிலேயே கையில் ஒரு அட்டையைக் கொடுத்தார்கள். அதன்படி என் பெயர் ஜீனோ, வேலை போனவன், வாழ்க்கைக்கு அர்த்தம் தேடுகிறவன். நான் எதையும் தேடவில்லை என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "நானாவே இருக்கேன்" என்றேன். "கண்டிப்பா பெரியப்பா" என்றான் ஸ்டக்கி.

எனக்கு வந்த ஜோடி இரண்டு பேர். இவர்கள் எப்போதும் ஜோடியாகத்தான் இருப்பார்கள். ஒருவன் கண்பார்வையைவிட்டு மற்றவன் போகக்கூடாது. கழிவறைக்குப் போனால் மற்றவன் வெளியே நிற்பான். பத்தொன்பது வயசுதான், மீசை கிடையாது, ஆனால் ஒருவரையொருவர் "எல்டர்" என்று மூப்பர் பட்டம் வைத்துக் கூப்பிட்டுக்கொள்வார்கள். எனக்கு எழுபத்துமூன்று. என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

எல்டர் ஸோலிங்கர் உயரம், தலை படியச் சீவியிருப்பான், பாடத்தை ரயில் மாதிரி விடுவான். எல்டர் நீல்டு ஐடஹோ பக்கம் பீட்ரூட் பண்ணைக்காரன் மகன். கை பெரிது. வாய் திறப்பதற்குள் சட்டைக் காலர் நனைந்துவிடும். இரண்டு பேருக்கும் ஒரே குறை. படைப்பின் நோக்கம், மீட்பு, நித்தியக் குடும்பம் எல்லாவற்றையும் இத்தாலியனில் சொல்வார்கள். ஜன்னலைச் சாத்து என்று சொல்லத் தெரியாது. காற்று அடித்தால் மூவரும் குளிரில் உட்கார்ந்திருப்போம்.

முதல் நாளே சொல்லிவிட்டேன். "என் பொண்டாட்டி உங்க சபைதான். செத்துட்டா. நான் சேரல."

"தங்கள் குடும்பம் என்றென்றும் நிலைத்திருக்க முடியும் என்று நான் சாட்சி பகர்கிறேன்" என்றான் ஸோலிங்கர். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவன் காதில் விழவில்லை.

பாடம் முடிந்ததும் நீல்டின் முறை. அவன் எழுந்து, உட்கார்ந்து, பிறகு மனப்பாடத்தை எடுத்தான்: "ஐயா, வருகிற பதினான்காம் தேதி தாங்கள் ஞானஸ்நானம் பெற்றுக்கொள்வீர்களா?"

"இல்லை."

அவனுக்கு அதற்கு மேல் தெரியாது. மனப்பாடத்தில் இல்லைக்குப் பிறகு எதுவும் கிடையாது போல. கைகொடுத்துவிட்டுப் போனார்கள். நான் கேண்டீனுக்குப் போய்ப் பச்சை ஜெல்லியைச் சாப்பிட்டேன். உள்ளே கேரட்டைத் துருவிப் போட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டால் இந்த ஊரில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது.

அடுத்த வாரம் வேறு தேதி சொன்னான். இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பக்கத்து அறைகளில் மற்ற ஜோடிகளுக்கு எல்லோரும் ஆமாம் சொல்லிவிடுகிறார்களாம். ஒரு பேராசிரியர் மனைவி இரண்டாம் பாடத்திலேயே அழுது ஒத்துக்கொள்வாளாம், அதுவும் எல்லா ஜோடிக்கும். நடிப்புத்தானே என்று நினைத்தேன். விஷயம் அப்படி இல்லை என்று புதன்கிழமை தெரிந்தது.

சாயங்காலம் ஸ்டக்கி என் வீட்டுக்கு வந்தான். சிரிக்கவில்லை. அப்போதே சந்தேகப்பட்டேன்.

"பெரியப்பா, நீல்டு பெட்டி கட்டிட்டான்."

"எதுக்கு?"

"ஊருக்குப் போறானாம். மத்த எல்லாருக்கும் யாராவது ஒருத்தர் ஆமான்னாங்க, எனக்கு மட்டும் இல்ல, கடவுளுக்கு நான் போறது இஷ்டமில்லன்னு சொல்றான். நாளைக்கு உங்க பாடம் முடிஞ்சதும் அப்பாவுக்குப் போன் போடப்போறான்."

"போகட்டும். பீட்ரூட் தோண்ட ஆள் வேணும்ல?"

"உங்களுக்கு அந்த ஊர் தெரியாது. பாதியில திரும்பினவனை யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. வீடு வீடா உருளைக்கிழங்கு கேசரோல் கொண்டுவந்து குடுத்துட்டுப் போவாங்க, சாவு வீட்டுக்குக் குடுக்கிற மாதிரி. அவங்க அப்பா தபால்காரர்கிட்டக்கூடப் பேச மாட்டாரு. என் சித்தப்பா பையனுக்கு நடந்தது, எனக்குத் தெரியும். அவன் இன்னைக்கும் சபையில கடைசி பெஞ்சுலதான் உக்காருறான்."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"நாளைக்கு ஆமான்னு சொல்லுங்க. ஒரே வார்த்தை. யாரும் உங்களைத் தண்ணியில முக்கப் போறதில்ல."

"மாட்டேன்."

"பெரியப்பா, அது நிஜமில்ல! நடிப்பு!"

"உன் பெரியம்மா நிஜமாக் கேட்டா. அவளுக்கே சொல்லல. காலர் நனையறவனுக்குப் பொய்யாச் சொல்லணுமா? அப்புறம் அவ கேட்டதுக்கு என்னடா மரியாதை?"

"நீங்க மனுஷனே இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். இந்த ஊர்க்காரன் ஒருவன் மனதில் பட்டதை அப்படியே சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

வியாழக்கிழமை கதவு தட்டும் சத்தம் கேட்டது. உள்ளே கூப்பிட்டேன். ஸோலிங்கர் முகத்தில் ரத்தமே இல்லை. ஜோடி போனால் அவனை வேறொரு ஜோடியோடு மூன்றாவது ஆளாக ஒட்டவைப்பார்கள். உட்கார்ந்ததும் ரயிலைக் கிளப்பினான். "ஐயா, நமது பரலோகப் பிதா..."

"எல்டர், சும்மா இரு" என்றான் நீல்டு.

"பாடம் நாலு..."

"சும்மா இருப்பா. நான் பேசறேன்."

நீல்டு என் பக்கம் திரும்பினான். மனப்பாடம் எதையும் எடுக்கவில்லை. வார்த்தைகளைத் தரையிலிருந்து பொறுக்குகிறவன் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்தான்.

"உங்க மனைவி. எங்க சபை. செத்து. நீங்க சொன்னீங்க. முதல் நாள்."

"ஆமா."

"அவங்க உங்ககிட்ட... இந்தக் கேள்வி? கேட்டாங்க?"

"கேட்டா."

"நிறைய?"

"ஞாயிறுக்கு ஞாயிறு."

"நீங்க?"

"இல்லைன்னு சொன்னேன்."

ஸோலிங்கர் மெல்ல, "சாட்சி சொல்ற பக்கத்துக்குப் போ, இப்ப சரியா இருக்கும்" என்றான். நீல்டு அவனைப் பார்க்கவே இல்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அடுத்த வார்த்தை அவனுக்குத் தெரியவில்லை. காற்றில் ஒரு பெட்டியைத் திறந்து துணி அடுக்கிக் கையால் மூடிக் காட்டினான்.

"அவங்க... இது? அம்மா வீட்டுக்கு?"

"பெட்டி கட்டினாளான்னு கேக்கிறியா? எதுக்குக் கட்டணும்? அது அவ வீடு."

"கோபம்?"

"கோபமும் இல்ல. சமைக்கப் போயிடுவா."

இதைப் புரிந்துகொள்ள அவனுக்கு நேரம் பிடித்தது. உதடு அசைய ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிப் பார்த்தான். பிறகு கேட்டான்: "அவங்ககிட்ட கடவுள் இல்ல? அதனால நீங்க இல்லைன்னு சொன்னீங்க?"

"தம்பி, அவகிட்ட அது நிறையவே இருந்தது. நான்தான் வேண்டாம்னேன். அதுல அவ தப்பு எங்க வந்தது?"

நீல்டு சோபாவில் சாய்ந்தான். இதுவரை அவன் அதில் சாய்ந்ததில்லை, நுனியில்தான் உட்காருவான். பண்ணைக்காரன் சிரிப்பு ஒன்று சிரித்தான், சத்தமாக. பக்கத்து அறையில் பேராசிரியர் மனைவியின் அழுகை ஒரு நொடி நின்றது.

"அப்போ நான் கேக்கிறேன்" என்றான். "இருபத்தெட்டாம் தேதி. ஞானஸ்நானம். வரீங்களா?"

"இல்லை."

"சரி. அடுத்த வியாழன் கேக்கிறேன்."

"கேளு. இல்லைன்னுதான் சொல்வேன்."

"தெரியும்" என்றான். பிறகு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான்.

ஸோலிங்கர் வெளியே போகும்போது ஆங்கிலத்திலேயே கேட்டுவிட்டான், அங்கே இத்தாலியன் மட்டும்தான் பேச வேண்டும் என்ற விதியை மீறி: "எல்டர், உன் அப்பாவுக்குப் போன்?"

"எதுக்கு? போய் அந்தப் பெட்டியைப் பிரிக்கணும். சட்டை எல்லாம் கசங்கியிருக்கும்."

நடைக்கூடத்தில் ஸ்டக்கி பிடித்துக்கொண்டான். கண் ஈரம். கதவுக்கு வெளியே நின்று எல்லாம் கேட்டிருக்கிறான். "பெரியப்பா, ஆவியானவர் உங்க வாயால பேசினாரு. உணர்ந்தீங்களா?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன். அவ்வளவுதான்."

"பெரியம்மா இங்கதான் இருந்தாங்க. எனக்கு அப்படியே தெரிஞ்சது."

"இருந்திருந்தா என் காலர் அழுக்கைப் பத்திப் பேசியிருப்பா."

"ஒரு பையனைக் காப்பாத்திட்டீங்க!"

"எதுக்குக் காப்பாத்தினேன்? இத்தாலியில வீடு வீடா ஏறி இறங்குறதுக்கா? எங்க ஊர்ப் பொம்பளைங்க வாளித் தண்ணியை மூஞ்சியில ஊத்துவாளுங்க. அந்தப் பையன் ரெண்டு வருஷம் தெருவில நிக்கப்போறான், அவனுக்கு ஒரு வாய் காப்பிகூடக் குடிக்க அனுமதி இல்ல. இதுல என்னடா நல்லது?"

"அவன் சந்தோஷமா இருக்கான், பெரியப்பா."

"இன்னைக்கு இருக்கான்."

அவனுக்கு மேலே சொல்ல ஏதோ இருந்தது. கையை வேறு பிடித்துக்கொண்டான். விடுவித்துக்கொண்டேன். கேண்டீன் பக்கம் அன்றைக்குப் போகவில்லை, பசியில்லை. வெளியே வந்தேன். கோட்டு போட்ட பையன்கள் ஜோடி ஜோடியாகப் புல்வெளியில் நடந்துகொண்டே உலகத்தில் உள்ள பாஷையிலெல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்கள். பிறரிடம் சொல்ல இவர்களுக்கு என்ன இப்படி அவசரம் என்று எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை. அவர்களுக்கு நடுவில் புகுந்து, யாருக்கும் வழிவிடாமல், கார் நிறுத்தின இடத்துக்கு நடந்தேன்.