நல்லா ஓடிக்கிட்டிருந்த கம்ப்யூட்டர்

இரவுப் பணி முடிந்து வந்தால் எனக்குத் தூக்கம் வராது. பார்சல் கிடங்கில் விடிய விடியப் பெட்டிகளைப் பிரித்துப் போட்ட கை, வீட்டுக்கு வந்த பிறகும் எதையாவது பிரிக்கத் தேடும். அன்று காலை அதில் சிக்கியது அக்காவின் லேப்டாப்.

அக்கா குளிக்கப் போயிருந்தாள். பத்து மணிக்கு அவளுக்கு வீடியோவில் இன்டர்வியூ. ஒரு பல் மருத்துவமனைக்கு வரும் போன்களை வீட்டிலிருந்தே எடுத்து, நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை. சூப்பர் மார்க்கெட் கல்லாவில் வருஷக்கணக்காக நின்றதில் அவள் கால் நரம்பு சுருண்டுவிட்டது. ஆபரேஷன் செய்த டாக்டர், நின்றுகொண்டு செய்யும் வேலையே இனி கூடாது என்றுவிட்டார். உட்கார்ந்து பார்க்கிற வேலையாக வந்தது இது ஒன்றுதான்.

லேப்டாப் பழசு. அதோடு வந்த சிஸ்டம் தவழ ஆரம்பித்திருந்தது. நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன்தான், ஆனால் இது தெரியும். சில மாதங்களுக்கு முன், இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் என்ற வேறொரு சிஸ்டத்தை ஒரு பென்டிரைவில் போட்டு, முதலில் அதிலிருந்தே ஓட்டிக் காட்டினேன். அக்கா இன்டர்நெட்டைத் திறந்தாள், மெயில் பார்த்தாள், "இவ்ளோதானா?" என்றாள். லேப்டாப்பிலேயே ஏற்றிக் கொடுத்தேன். அதன் பிறகு ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை. அதன் பெயர்கூட அவளுக்கு நினைவில்லை. எனக்கு அது உறுத்தியது. நான் கொடுத்தது அவ்வளவு சுலபமாக இருந்தால் எனக்கு அங்கே என்ன வேலை?

அன்று காலை பார்த்தால், திரையில் படம் காட்டுகிற டிரைவர் என்னும் மென்பொருள் ஒன்று புதிதாக வந்திருந்தது. வீடியோ இன்னும் பளிச்சென்று இருக்கட்டுமே என்று அதைப் போட்டு, ரீஸ்டார்ட் கொடுத்தேன்.

திரை கறுப்பாகவே நின்றது. மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

பேருந்து ஓட்டும் மாமா சீருடைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சான், கரண்ட் போயிடுச்சா?"

"ரெண்டு நிமிஷம் மாமா."

"உன் ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியும். மிக்சியக் கழட்டினப்பவும் இதான் சொன்ன. அது இன்னும் டப்பாலதான் கிடக்கு."

லேப்டாப்பிலேயே எழுத்து மட்டும் வருகிற வேறொரு திரைக்குப் போய்க் கட்டளைகளைத் தட்டினேன். எழுத்துகள் எறும்பு மாதிரி சாரைசாரையாக ஓடின. கடைசி வரி பிழை என்றது. மறுபடி தட்டினேன். அதே பிழை. போனில் பேசினால் போதாது, அவர்களுடைய பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து டைப் செய்து காட்ட வேண்டும் என்று மருத்துவமனைக்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள்.

தலையில் துண்டோடு அக்கா வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள்.

"என்னடா பண்ண?"

"ஒண்ணுமில்லக்கா. சின்னதா ஒரு மாத்தம்."

"நான் மாத்தச் சொன்னேனா?"

"இன்னும் நல்லாயிருக்குமேன்னு..."

"நல்லாத்தானடா ஓடிக்கிட்டிருந்துச்சு!"

அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. குரல் உடைந்தது. மாமா பொத்தானை விட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான் இன்னொரு கட்டளையைத் தட்டினேன்.

"எந்திரி."

"ஒரே ஒரு தடவ ட்ரை பண்ணிட்டு..."

"எந்திரிடா!"

எழுந்தேன். அக்கா ஆணியில் தொங்கிய வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்தாள். சாவிகளுக்கு நடுவே அந்தப் பென்டிரைவ் தொங்கியது. நான் அதை மறந்தே போயிருந்தேன்.

"அத இன்னும் வச்சிருக்கியா?"

"உன்ன வீட்டுல வச்சிக்கிட்டு, இத வெளிய போடச் சொல்றியா?"

பட்டனை அழுத்திப் பிடித்து லேப்டாப்பை அணைத்தாள். பென்டிரைவைச் செருகி மறுபடி போட்டாள். நான் முதல் நாள் காட்டிய அதே நீலத் திரை எழுந்து வந்தது. நான் செய்த முன்னேற்றம் எதுவும் அதற்குத் தெரியாது. வைஃபை பாஸ்வேர்டைப் போட்டாள், மெயிலைத் திறந்தாள், இணைப்பைத் தட்டினாள். திரையின் மூலையில் கடிகாரம் எந்த நாட்டு நேரத்தையோ காட்டியது. அவள் அதைச் சட்டை செய்யவில்லை. எதிரில் ஒரு முகம் தெரிவதற்குள் மாமா அவள் தலைத் துண்டை உருவிக்கொண்டார்.

நான் மாமாவோடு வெளியே வந்து, சாத்திய கதவுக்குப் பின்னால் நின்றேன். நகத்தைக் கடித்துத் துப்ப இடமில்லாமல் விழுங்கினேன். உள்ளே அக்கா கல்லாவில் பேசுகிற அதே குரலில் பேசினாள். கீபோர்டு சத்தம் கேட்டது. பிறகு யாரோ சிரித்தார்கள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

கதவு திறந்தது.

"திங்கக்கிழமைலேர்ந்து" என்றாள் மாமாவிடம். என்னிடம், "உள்ள வா. முன்ன எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கு. ஒரு புள்ளிகூட மாறக் கூடாது" என்றாள்.

இந்த முறை அவசரமில்லை; பென்டிரைவ் வழியாகவே உள்ளே போய், புதிதாகப் போட்ட டிரைவரை எடுத்தேன். அவள் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்று என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழையபடி எல்லாம் வந்ததும், "இதுல எதையாவது ஏத்தணும்னா ஒரு பாஸ்வேர்டு கேக்குமே, அத எங்க மாத்துறது?" என்றாள்.

காட்டினேன். வழக்கமானதையே போடக் கை நீட்டியபோது தட்டிவிட்டாள்.

"அந்தப் பக்கம் திரும்பு."

சுவரைப் பார்த்து நின்றேன். தட்டினாள், தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள். இவ்வளவு நீளமாகவா?

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மாமா உள்ளே குரல் கொடுத்தார்.

"மச்சான், கை நமநமங்குதுன்னா பரண்ல மிக்சி இருக்கு. அதுக்குப் பாஸ்வேர்டு கிடையாது."

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன்.